பிலிப்பைன்ஸ் மரபு உணவுகள்: எவற்றைத் தேடிச் சென்று உண்ணலாம்?

கடற்பயணி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அக்காள் மகள் டாவோ நகரில் மருத்துவம் பயில்கிறாள். அங்குள்ள தமிழ் மாணவர்கள் பலர் நம் ஊர்ச் சமையல் கிடைக்கும் மெஸ்களிலேயே மூன்று வேளையும் உண்டு, அந்நாட்டு உணவை அறியாமலே படிப்பை முடித்துத் திரும்பிவிடுகிறார்கள் என்று அவள் வருத்தத்துடன் சொன்னாள். வரும் டிசம்பரில் நாங்கள் குடும்பமாக அங்கே செல்கிறோம். மணிலாவிலும் சில நாள்கள் தங்குவோம். இணையத்தில் எந்தப் பட்டியலைத் திறந்தாலும் முழுப் பன்றி வறுவலும் கரு வளர்ந்த வாத்து முட்டையும்தான் முன்னே நிற்கின்றன. அம்மக்கள் வீட்டில் அன்றாடம் சமைப்பது என்ன, எதை எந்த ஊரில் உண்டால் அதன் உண்மையான சுவை தெரியும் என்பதை அங்கு வாழ்ந்தவர்கள் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன். நாங்கள் மீனும் கோழியும் உண்போம். என் தாயார் சைவம்.

நெய்தல்வாசி எழுதியது:

நண்பருக்கு வணக்கம். பணியின் பொருட்டு மணிலாவிலும் பின்னர் நாட்டின் நடுவே உள்ள விசாயத் தீவுகளின் இலோயிலோ நகரிலும் பல ஆண்டுகள் வாழ்ந்தவன் நான். பிலிப்பைன்ஸ் சமையலின் உயிர் புளிப்பில் இருக்கிறது என்பதே என் உறுதியான கருத்து. பன்றி வறுவல் திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் உரியது; அன்றாட அடுப்பில் கொதிப்பது வினிகரும் புளியும்தான். ஆகவே அடோபோ, சினிகாங், கினிலாவ் ஆகிய மூன்றிலிருந்து தொடங்குங்கள்.

அடோபோ என்பது கோழியையோ பன்றி இறைச்சியையோ வினிகர், பூண்டு, மிளகு, பிரிஞ்சி இலை ஆகியவற்றுடன் வேகவைத்து, சாறு சுண்டிப் பளபளக்கும் வரை அடுப்பில் வைத்திருக்கும் பண்டம். பெயரைத் தந்தவர்கள் ஸ்பானியர்கள். செய்முறையோ அவர்கள் வருவதற்கு முன்பே அங்கு இருந்தது. 1613-இல் அச்சான தகாலோகு மொழி அகராதி ஒன்றில் பெத்ரோ தே சான் புவெனவெந்தூரா என்ற பாதிரியார் இதை ‘இம்மண்ணின் மக்களின் அடோபோ’ என்றே குறித்துவைத்தார். வெப்ப நாட்டில் இறைச்சி கெடாமல் இருக்க வினிகரும் உப்பும் சேர்த்துச் சமைத்த பழைய வழக்கம் அது. இன்று எங்கும் காணப்படும் சோயா சாறு சீன வணிகர்களின் வழியாக வந்து சேர்ந்தது. சோயா சேராத வெள்ளை அடோபோவும், பதங்காஸ் பகுதியில் மஞ்சள் சேர்த்துச் செய்யும் அடோபோவும், தேங்காய்ப்பால் ஊற்றிய அடோபோவும் தனித்தனிச் சுவை உடையவை. கிடைத்தால் மூன்றையும் உண்டு பாருங்கள்.

சினிகாங்கைப் பொறுத்தவரை நம்மவர்களுக்கு அறிமுகமே தேவைப்படாது. புளியங்காயை வேகவைத்து மசித்து வடிகட்டிய சாற்றில், வெள்ளை முள்ளங்கி, கத்தரிக்காய், வெண்டைக்காய், நீளமான பயற்றங்காய், சேப்பங்கிழங்கு, இறுதியில் வள்ளைக்கீரை ஆகியவற்றுடன் மீனையோ இறாலையோ பன்றி இறைச்சியையோ சேர்த்துக் கொதிக்கவிடுகிறார்கள். பல வீடுகளில் பச்சைத் தண்ணீருக்குப் பதிலாக அரிசி களைந்த நீரை ஊற்றுவார்கள். சாற்றுக்கு இலேசான திண்மை அதனால்தான் வருகிறது. புளி ஒன்றுதான் என்றில்லை. பிலிம்பிக்காய், மாங்காய், பழுத்த கொய்யா என்று ஊருக்கும் பருவத்துக்கும் ஏற்பப் புளிப்பு மாறும். கொய்யாவில் செய்த சினிகாங்கின் மணத்தை நான் வேறு எந்த உணவிலும் கண்டதில்லை. இப்போது பெரும்பாலான உணவகங்களில் பொட்டலத் தூளைக் கரைத்துவிடுகிறார்கள். காயின் சாற்றில்தான் செய்கிறார்களா என்று கேட்டுவிட்டு உட்காருங்கள்.

இலோயிலோவுக்குச் செல்லும் வாய்ப்புக் கிடைத்தால், பத்துவான் என்ற காயால் புளிப்பூட்டும் குழம்பைத் தவறவிடாதீர்கள். பத்துவான் நம் குடம்புளியின் இனத்தைச் சேர்ந்தது. அதனுடன் பச்சைத் துவரையும் பலாக்காயும் பன்றி இறைச்சியும் சேர்த்துச் செய்வது அவ்வூரின் சிறப்பு. பன்றி வேண்டாம் என்றால் அதே புளிப்பில் மீன் குழம்பும் கிடைக்கும்.

மூன்றாவதான கினிலாவைப் பற்றிச் சொல்லும்போது பலர் தயங்குவார்கள், ஏனெனில் அதில் நெருப்பே இல்லை. அன்று பிடித்த வஞ்சிரத்தையோ சூரை மீனையோ சிறு துண்டுகளாக நறுக்கி, தென்னங்கள் வினிகரில் நனைத்து, இஞ்சி, வெங்காயம், பச்சை மிளகாய், கலமன்சி என்ற சிறிய எலுமிச்சையின் சாறு ஆகியவற்றைச் சேர்த்து உடனே பரிமாறுகிறார்கள். புளிப்புப் பட்ட மாத்திரத்தில் மீனின் மேற்புறம் வெண்மையாகிவிடும். டாவோ அமைந்துள்ள மிந்தனாவோ தீவின் வடக்குப் பகுதியில் தபோன்-தபோன் என்ற காயைச் சுரண்டி அதன் சாற்றையும் கலப்பார்கள்; மீன் வாடையை அது போக்குகிறது. பூட்டுவான் நகரில் பழங்காலப் படகுகள் தோண்டி எடுக்கப்பட்ட இடத்தில் அந்தக் காயின் எச்சங்களும் மீன் எலும்புகளும் கிடைத்ததைக் கொண்டு, இந்த உணவு ஆயிரம் ஆண்டுப் பழமை உடையது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நீங்கள் செல்லும் டாவோவுக்குச் சூரை மீன் பிடிக்குப் பெயர்பெற்ற ஜெனரல் சாந்தோஸ் துறைமுகம் அருகில்தான் இருக்கிறது. எனவே கினிலாவை அங்கே உண்ணுங்கள். சூரை மீனின் தாடைப் பகுதியைக் கரி நெருப்பில் சுட்டுத் தருவதையும் அங்கேயே உண்ணுங்கள்.

தென்னஞ்சோலை எழுதியது:

நெய்தல்வாசி ஐயா வினிகரைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதியிருக்கலாம். அங்கே வினிகர் என்றால் தொழிற்சாலையில் செய்த வெள்ளைத் திரவம் அன்று. தென்னங்கள் புளித்து வினிகரானது விசாயத் தீவுகளில் எங்கும் உண்டு. புலக்கான் மாகாணத்தின் பவோம்போங் ஊரில் சதுப்பு நிலத்து நிப்பாப் பனையின் சாற்றிலிருந்து எடுக்கிறார்கள். இலோக்கோஸ் பகுதியில் கரும்புச் சாற்றிலிருந்து எடுப்பது கருமை கலந்த நிறத்துடன் இருக்கும். அதே அடோபோ ஊருக்கு ஊர் மாறுபடுவதற்கு இதுவே முதற்காரணம்.

மேசையில் வைக்கும் தொடுகறிகளையும் கவனியுங்கள். சமைத்தவர் கொடுத்த சுவையை உண்பவர் தம் தட்டிலேயே திருத்திக்கொள்வது அந்நாட்டில் குறையாகக் கருதப்படுவதில்லை. அது எதிர்பார்க்கப்படும் ஒன்று. வினிகர், கலமன்சி, மீன் சாறாகிய பாதிஸ், பொடி இறாலை உப்பிட்டுப் புளிக்கவைத்த பகோங் ஆகிய எல்லாம் அதற்காகவே வைக்கப்படுகின்றன. இலோயிலோவில் காந்தாரி போன்ற சிறு மிளகாய், பூண்டு, மிளகு, சித்தரத்தையின் உறவான ஒரு கிழங்கு ஆகியவற்றை வினிகரில் ஊறப்போட்டுக் குப்பியில் வைத்திருப்பார்கள். சினமாக் என்று அதற்குப் பெயர். பகொலோத் நகரின் இனசால் கோழியை அதில் தொட்டு உண்ண வேண்டும். எலுமிச்சைப் புல், இஞ்சி, கலமன்சி, வினிகர் ஆகியவற்றில் ஊறவைத்து, செந்நிற அச்சுவேத்தே விதை காய்ச்சிய எண்ணெயைத் தடவிக்கொண்டே கரியில் சுடும் கோழி அது. உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு முதல் வாயிலேயே பிடித்துப்போகும்.

மருதன் எழுதியது:

புளிப்பே உயிர் என்ற கருத்தை நான் முழுமையாக ஏற்கவில்லை. மணிலாவிலிருந்து தெற்கே பிக்கோல் பகுதிக்குச் சென்றால் தேங்காய்ப்பாலும் மிளகாயும்தான் அடுப்பை ஆள்கின்றன. மயோன் எரிமலையின் அடிவாரத்து ஊர்களில் மிளகாயைச் சுவையூட்டியாக மட்டும் கருதாமல் காய்கறியாகவே கருதிச் சமைக்கிறார்கள். பச்சை மிளகாயைக் கீறி, தேங்காய்ப்பாலும் பகோங்கும் சிறிதளவு இறைச்சியும் சேர்த்துச் செய்யும் குழம்பு அங்கே வழிவழியாக இருந்துவந்தது. பின்னாளில் மணிலாவின் மலாத்தே பகுதியில் இருந்த ஓர் உணவகத்தில், பிக்கோலுக்குச் செல்லும் தொடர்வண்டியின் பெயரைச் சூட்டி ‘பிக்கோல் எக்ஸ்பிரஸ்’ என்று அதை வழங்கத் தொடங்கினார்கள்.

அதைவிடவும் நான் உயர்வாகக் கருதுவது லாயிங். சேம்பிலையை வெயிலில் உலர்த்தி, தேங்காய்ப்பாலில் இஞ்சி, பூண்டு, மிளகாய், பகோங் ஆகியவற்றுடன் சிறு தீயில் நெடுநேரம் வைத்திருப்பார்கள். இலை முழுவதும் பாலை உறிஞ்சி வெந்து குழையும் வரை கரண்டியால் கிளறக்கூடாது. கிளறினால் தொண்டை அரிக்கும் என்பது அவ்வூர்ப் பெண்களின் கண்டிப்பு. சேம்பில் உள்ள கால்சியம் ஆக்சலேட்டுப் படிகங்களே அரிப்புக்குக் காரணம். இலையை நன்றாக உலர்த்துவதும் நீண்ட நேரம் வேகவைப்பதும் அந்த அரிப்பைத் தணிக்கின்றன. இறுதியில் தலைப்பால் ஊற்றி எண்ணெய் பிரியும்வரை விட்டு இறக்கினால், வெறும் சோற்றுக்கு அதைவிடச் சிறந்த துணை இல்லை.

வடக்கே பம்பாங்கா மாகாணத்தையும் விட்டுவிடக்கூடாது. அந்நாட்டின் தேர்ந்த சமையற்காரர்கள் அங்கேதான் பிறக்கிறார்கள் என்று மற்ற ஊர்க்காரர்களே ஒப்புக்கொள்வார்கள். சிசிக் அவ்வூருக்கு உரியது. பச்சைப் பப்பாளி அல்லது கொய்யாக்காயை உப்பு, மிளகு, பூண்டு, வினிகர் சேர்த்து உண்பதாக 1732-இல் வெளியான, அம்மாகாணத்து மொழியாகிய கப்பம்பாங்கனின் அகராதி சிசிக்கை விளக்குகிறது. பன்றியின் தலைப்பகுதி இறைச்சியைச் சுட்டுப் பொடியாக நறுக்கும் இன்றைய வடிவம், ஏஞ்சலஸ் நகரில் இருப்புப்பாதை ஓரமாகக் கடை வைத்திருந்த லூசியா குனானன் என்ற அம்மையாரால் 1970-களில் புகழ்பெற்றது. உங்களுக்குப் பன்றி ஆகாது எனில், பால்மீனிலோ சூரையிலோ செய்த சிசிக்கைக் கேளுங்கள்.

நெய்தல்வாசி எழுதியது:

மருதன் சொல்வது சரியே, பிக்கோல் தனி உலகம். ஆயினும் நீங்கள் விளக்கிய பழைய சிசிக்கும்கூட ஒரு புளிப்புப் பண்டமே என்பதை நினைவில் கொள்ளுங்கள். இன்றும் சூடான தட்டில் வரும் சிசிக்கின் மேல் கலமன்சியைப் பிழியாமல் எவரும் உண்பதில்லை.

ஏட்டுச்சுவடி எழுதியது:

காரே-காரே பற்றி இதுவரை எவரும் எழுதாதது வியப்பாக இருக்கிறது. நம்மவர்களுக்கு அதில் தனி ஆர்வம் இருக்க வேண்டும். 1762-இல் பிரித்தானியப் படை மணிலாவைக் கைப்பற்றியபோது, அப்படை புறப்பட்டது நம் சென்னையிலிருந்துதான். கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்களும் அதில் இருந்தனர். 1764-இல் பிரித்தானியர் வெளியேறிய பின் சிப்பாய்கள் சிலர் திரும்பாமல், மணிலாவுக்குக் கிழக்கே உள்ள கைந்தா என்னும் ஊரில் உள்ளூர்ப் பெண்களை மணந்து தங்கிவிட்டார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் என்று சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் இன்றும் அவ்வூரில் உண்டு. தாய்நாட்டுக் குழம்பை நினைத்து, கிடைத்த பொருள்களைக் கொண்டு அவர்கள் சமைத்ததே காரே-காரே ஆயிற்று என்று அந்நாட்டில் ஒரு கருத்து நிலவுகிறது.

மாட்டு வாலையோ காலையோ மென்மையாகும் வரை வேகவைத்து, வறுத்தரைத்த நிலக்கடலையும் வறுத்த அரிசி மாவும் சேர்த்துக் குழம்பைத் திண்மையாக்கி, அச்சுவேத்தே விதையால் செம்மஞ்சள் நிறமூட்டி, வாழைப்பூ, கத்தரிக்காய், பயற்றங்காய் ஆகியவற்றைச் சேர்ப்பார்கள். குழம்பில் உப்பு மிகக் குறைவாகவே இருக்கும். பக்கத்தில் வைத்திருக்கும் பகோங்கைத் தொட்டுக்கொண்டால்தான் சுவை நிறைவுபெறும்.

நெய்தல்வாசி எழுதியது:

கைந்தாவில் சிப்பாய்கள் தங்கியது வரலாறு. அதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் காரே-காரே அவர்களுடைய கைவண்ணம் என்பதை உறுதியாகச் சொல்லிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அக்குழம்பில் மல்லி இல்லை, சீரகம் இல்லை, மஞ்சள் இல்லை, மிளகாய்கூட இல்லை. நிலக்கடலையும் அச்சுவேத்தேயும் அமெரிக்கக் கண்டத்தின் பயிர்கள். 1565 முதல் 1815 வரை மெக்சிக்கோவின் அக்கபுல்கோ துறைமுகத்துக்கும் மணிலாவுக்கும் இடையே ஓடிய ஸ்பானியக் கப்பல்கள் கொண்டுவந்து சேர்த்த பொருள்களின் பட்டியலில் அவையும் உண்டு. பம்பாங்கா மக்களோ இது தங்கள் ஊரில் பிறந்தது என்று உரிமை கொண்டாடுகிறார்கள். இத்தனையையும் எடைபோட்டால், சென்னைச் சிப்பாய் கதை நம் மனத்துக்கு இனிக்கிறது என்பதற்காகவே அதை ஏற்பதாகிவிடும். அச்சட்டியில் கலந்திருக்கும் மெக்சிக்கோவின் பங்குக்கும் உள்ளூர்ப் பெண்களின் பங்குக்கும் அது நீதி ஆகாது.

ஏட்டுச்சுவடி எழுதியது:

ஏற்கத்தக்க மறுப்பு. மசாலாப் பொருள்கள் இல்லாததற்கு அவை அன்று அங்கு எளிதில் கிடைக்காததே காரணம் என்று அக்கருத்தினர் விடை கூறுவர் என்பதையும் பதிவு செய்கிறேன். எதுவாயினும் கைந்தாவுக்கு மணிலாவிலிருந்து எளிதில் சென்று வரலாம். வரலாற்றில் ஈடுபாடு உள்ளவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய ஊர்.

கடற்பயணி எழுதியது:

எதிர்பார்த்ததைவிட நிறைவாக எழுதியிருக்கிறீர்கள். அம்மாவுக்கு என்ன வழி? மேலே சொன்ன எல்லாவற்றிலும் பகோங்கோ மீன் சாறோ இருப்பதாகத் தெரிகிறதே.

அகல்விளக்கு எழுதியது:

நானும் சைவம்தான், மணிலாவை ஒட்டிய கேசோன் நகரில் குடும்பத்துடன் இருந்தோம். உங்கள் ஐயம் நியாயமானது. காய்கறி உணவு என்று சொல்லிக் கொடுப்பதிலும் பொடி இறாலோ பன்றித் துண்டுகளோ கிடக்கும். அவற்றைச் சுவையூட்டிகளாகவே அம்மக்கள் எண்ணுகிறார்கள், அசைவம் என்று தனியாகக் கணக்கிடுவதில்லை. ஆகவே ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் போதாது. மீன், இறால், பகோங், பாதிஸ் ஆகிய ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி விலக்கச் சொல்லுங்கள். அம்மாவின் வயதைக் கண்டால் மிகுந்த பரிவுடன் தனியாகச் செய்து தருவார்கள்.

இலோக்கோஸ் பகுதியின் பினக்பெத்தைப் பகோங் இல்லாமல், உப்புப் போட்டுச் செய்யச் சொல்லலாம். பாகற்காய், கத்தரிக்காய், வெண்டைக்காய், தக்காளி எல்லாம் ஒரே சட்டியில் தம் சாற்றிலேயே சுருங்கி வேகும் பண்டம் அது. அங்குள்ள சிறிய பாகற்காய் நம் மிதிபாகற்காயை ஒத்தது. பூசணியும் பயற்றங்காயும் தேங்காய்ப்பாலில் வெந்தது இன்னொன்று. பாசிப்பயற்றைப் பூண்டும் வெங்காயமும் தக்காளியும் தாளித்துக் கடைந்து, முருங்கைக்கீரையோ பாகல் இலையோ போட்டு இறக்குவார்கள். கத்தோலிக்கர்கள் இறைச்சி தவிர்க்கும் வெள்ளிக்கிழமைகளில் அது பல வீடுகளில் உண்டு; ஆனால் அதிலும் கருவாடு சேர்ந்திருக்கக்கூடும், கேட்டுவிட்டே உண்ண வேண்டும். சுட்ட கத்தரிக்காயைத் தோலுரித்துத் தக்காளி, வெங்காயம், வினிகர் சேர்த்துத் தருவது அம்மாவுக்குப் பாதுகாப்பானது. மாலையில் வாழைப்பழத்துடன் ஒரு கீற்றுப் பலாச்சுளை வைத்து மெல்லிய மாவுத்தாளில் சுருட்டிச் சர்க்கரைப் பாகு படியப் பொரித்த துரோன் தெருவெங்கும் கிடைக்கும். காலையில் தோளில் இரு பாத்திரங்களைச் சுமந்துகொண்டு ‘தாஹோ’ என்று கூவி வருபவரிடம் சூடான சோயாத் தயிரை வெல்லப்பாகும் சவ்வரிசியும் சேர்த்து வாங்கித் தாருங்கள்.

பிறைநிலா எழுதியது:

டாவோ வரை செல்பவர்கள் மிந்தனாவோ முஸ்லிம்களின் சமையலை அறியாமல் திரும்பினால் அது பெரும் இழப்பு. பன்றி இல்லாத, மசாலா மணக்கும் அந்த உணவைச் சுற்றுலாப் பட்டியல்கள் தொடர்ந்து புறக்கணிப்பது எனக்கு வேதனை தருகிறது.

சூலு தீவுகளின் தவுசூக் மக்கள் தேங்காயைக் கரியாகும் வரை சுட்டு, அதை மஞ்சள், இஞ்சி, எலுமிச்சைப் புல், பூண்டு, மிளகாய் ஆகியவற்றுடன் அரைத்துக் கறுப்பு மசாலா ஒன்றைச் செய்கிறார்கள். அதைக் கொண்டு மாட்டிறைச்சியில் செய்யும் கறுப்புச் சாறு தியுலா இதும். திருமணத்திலும் பெருநாளிலும் அது இல்லாமல் விருந்து கிடையாது. அதே மசாலாவில் கோழியை வேகவைத்துப் பின் சுட்டெடுப்பது பியாங்காங். தேங்காய் கருகிய மணம் கசப்பாக இருக்கும் என்று அஞ்ச வேண்டாம். மிக ஆழமான, புகை கலந்த ஒரு சுவை அதில் உண்டு.

மரனாவ் மக்களின் பலாப்பா இன்னொரு செல்வம். சக்குராப் என்ற வெங்காயத்தாள் வகை, இஞ்சி, மிளகாய், வறுத்த தேங்காய்த் துருவல் ஆகியவற்றை இடித்து வைத்துக்கொண்டு, சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளவும் குழம்புக்குச் சேர்க்கவும் பயன்படுத்துகிறார்கள். மராவி நகரில் 2017-இல் நடந்த போரால் இடம்பெயர்ந்தவர்கள், தாங்கள் சென்று தங்கிய ஊர்களுக்கும் பலாப்பாவை எடுத்துச் சென்றார்கள். காலை உணவுக்குப் பாஸ்தில் வாங்குங்கள். சோற்றின் மேல் உதிர்த்து வதக்கிய கோழியை வைத்து வாழையிலையில் கட்டிய அந்தப் பொட்டலம் மகிந்தனாவோ என்ற இன்னொரு முஸ்லிம் இனத்தாருடையது, விலையும் மிகக் குறைவு.

வானம்பாடி எழுதியது:

கரு வளர்ந்த வாத்து முட்டையை ஒருமுறையாவது உண்டால்தான் அந்நாட்டை அறிந்ததாக ஆகும் என்கிறார்களே, உண்மையா?

நெய்தல்வாசி எழுதியது:

இல்லை. பலுத் எனப்படும் அந்த முட்டை அம்மக்கள் இரவு நேரத்தில் தெருவோரம் வாங்கி உண்ணும் எளிய சத்துணவு; பத்தேரோஸ் என்ற ஊர் அதற்குப் பெயர்பெற்றது. ஓட்டின் முனையை உடைத்து முதலில் உள்ளிருக்கும் சாற்றை உறிஞ்சிவிட்டு, உப்போ மிளகாய் வினிகரோ இட்டு உண்பார்கள். விருப்பம் இருந்தால் உண்ணுங்கள். அதை வைத்து முகம் சுளிக்கும் காணொளி எடுப்பது மட்டும் வேண்டாம். விற்பவர் எதிரிலேயே அவருடைய உணவை அருவருப்பதற்கு நமக்கு எந்த உரிமையும் இல்லை.

அகல்விளக்கு எழுதியது:

டிசம்பரில் செல்கிறீர்கள் என்பதை இப்போதுதான் கவனித்தேன். டிசம்பர் 16 முதல் 24 வரை விடியலுக்கு முன் தேவாலயங்களில் திருப்பலி நடக்கும். அது முடிந்து வெளியே வருபவர்களுக்காக வாசலில் இரண்டு பலகாரங்கள் செய்வார்கள். ஊறவைத்து அரைத்த அரிசி மாவை வாழையிலை விரித்த மண்சட்டியில் ஊற்றி, கீழும் மேலும் கரி நெருப்பு வைத்து வேகவைப்பது பிபிங்கா. அதன் மேல் எருமைப்பால் பாலாடைக்கட்டியும் உப்பிட்ட வாத்து முட்டைத் துண்டும் வைத்து, பக்கத்தில் தேங்காய்த் துருவல் தருவார்கள். அம்மாவுக்கு முட்டை ஆகாது என்றால் பிபிங்கா வேண்டாம், மாவிலேயே முட்டை சேர்ந்திருக்கும்.

புத்தோ பும்போங் அம்மாவுக்கு ஏற்றது. நம் குழாய்ப்புட்டைப் போலவே மூங்கில் குழாயில் ஆவியில் வேகும் ஊதா நிறப் பண்டம் அது. வெண்ணெய், தேங்காய்த் துருவல், நாட்டுச் சர்க்கரை ஆகியவற்றுடன் உண்ண வேண்டும். பிருருத்தோங் என்ற கருஞ்சிவப்புப் பசையரிசியிலிருந்து இயல்பாக வந்த நிறம் அது. அவ்வரிசி அருகிவிட்டதால் பலர் சாயம் கலக்கிறார்கள். நிறம் கண்ணைப் பறிக்கும்படி இருந்தால் அந்தக் கடையைத் தவிர்த்துவிட்டு, மங்கிய ஊதா நிறத்தில் தருபவரைத் தேடுங்கள்.

கடற்பயணி எழுதியது:

மிக்க நன்றி அம்மா. புறப்படும் முன் வீட்டிலேயே அடோபோவைச் செய்து பார்க்கலாம் என்று நினைக்கிறேன். சென்னையில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு முடியுமா?

தென்னஞ்சோலை எழுதியது:

தாராளமாக முடியும். ஒரு கிலோ கோழித் துண்டுகளுக்கு அரைக் கோப்பை வினிகர், மூன்றில் ஒரு பங்குக் கோப்பை சோயா சாறு, ஒரு முழுப் பூண்டு, மூன்று பிரிஞ்சி இலை, ஒரு தேக்கரண்டி முழு மிளகு போதும். தென்னங்கள் வினிகர் கிடைத்தால் நல்லது. இல்லையேல் செயற்கை வினிகரைத் தவிர்த்துக் கரும்பு வினிகரை வாங்குங்கள். கோழியைச் சோயாவிலும் நசுக்கிய பூண்டிலும் அரைமணி நேரம் ஊறவைத்து, எடுத்து எண்ணெயில் இலேசாகச் சிவக்க வறுத்து, ஊறிய சாற்றையும் ஒரு கோப்பை நீரையும் ஊற்றி வேகவிடுங்கள். பாதி வெந்ததும் வினிகரை ஊற்றி, மூடாமலும் கிளறாமலும் கொதிக்கவிடுங்கள். அப்போதுதான் பச்சை வாடை ஆவியோடு வெளியேறும். பின்னர் தீயைக் குறைத்து, சாறு கோழியில் ஒட்டும் அளவுக்குச் சுண்டியதும் இறக்குங்கள். உப்பை இறுதியில் சுவைத்துப் பார்த்துச் சேர்த்தால் போதும், சோயாவிலேயே உப்பு இருக்கிறது. அன்றே உண்பதைவிட மறுநாள் சூடாக்கிச் சோற்றில் பிசைந்து உண்டால் சுவை கூடியிருக்கும்.